கடைசிச் சத்தம்

டொக். டொக். டொக். டொக்.

மூடின கதவை விரல்முட்டியால் யாரோ தட்டுவதுபோல இருந்தது. அப்புறம் ஒன்றுமில்லை. மூச்சு விட்டு மூச்சு வாங்கும் நேரம் கழித்து, எதிர்ச்சரிவில், பனிமூட்டத்துக்குள், ஒவ்வொன்றாக வெடித்தது.

இசக்கிதுரை கண்ணை மூடிக்கொண்டு எண்ணினான். அவன் வேலை அதுதான். பெல்ட்டில் கோத்த கிரனேடுகளை வரிசையாகத் துப்பும் லாஞ்சர் அது. போனதை லாஞ்சர் பக்கத்தில் ஒருவன் எண்ணுவான். வெடித்ததை இன்னொருவன் எண்ணுவான். இரண்டும் ஒத்துப்போகவேண்டும். குறைந்தால், வெடிக்காத குண்டு ஒன்று புல்லுக்குள் கிடக்கிறது என்று அர்த்தம். அதற்கு பிளைண்ட் என்று பெயர். கால் பட்டால் போதும்.

"அண்ணாச்சி, கணக்கு?" என்று கேட்டார் உஸ்தாத் சவரிராஜ். பட்டாளத்தில் ஆயுதம் சொல்லிக்கொடுப்பவரை உஸ்தாத் என்றுதான் கூப்பிடுவார்கள். வயதில் இசக்கிதுரையைவிடச் சின்னவர்.

"சரியா இருக்கு உஸ்தாத்."

பயிற்சி முடிந்தது. சிவப்புக் கொடியை இறக்கினார்கள். விடிந்தால் கீழ்க்கிராமத்துப் பெண்கள் புல்லறுக்க அந்தச் சரிவுக்கு வரலாம் என்று சொல்ல ஆள் போயிற்று.

இசக்கிதுரை லாஞ்சரின் குழாயைத் துடைக்க உட்கார்ந்தான். துணி ஒரே இடத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தது. காலையில் ஊரிலிருந்து தம்பி பேசியிருந்தான். அப்பாவுக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது, கண் திறக்கும்போதெல்லாம் பெரியவன் வந்துட்டானா என்கிறார் என்று. லீவு கிடைத்துவிட்டது. ஸ்டேஷனுக்குப் போகும் வண்டி கீழே தயாராக நின்றது.

"உஸ்தாத்."

"சொல்லுங்க."

"வெடிக்கும் எதிரொலிக்கும் வித்தியாசம் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

சவரிராஜ் அவனை ஏறிட்டுப் பார்த்தார். தூக்குப்பாத்திரத்தை எடுத்தார். சப்பாத்தியும் பருப்பும்.

"பசிக்குது. வாங்க, சாப்பிட்டுப் பேசுவோம்."

"இங்கேயே சாப்பிடலாமே."

"இங்க ஒரே புகை. அந்தச் சரிவுல நல்ல புல்லா இருக்கு."

அவர் எதிர்ச்சரிவைப் பார்த்து நடந்தார். இசக்கிதுரை பின்னாலேயே போனான். ஓடையைத் தாண்டினார்கள். கருகின புல்லின் வாசனை வந்தது. குண்டு விழுந்த இடம் அங்கிருந்துதான் ஆரம்பம். உஸ்தாத் காலைத் தூக்கினார்.

"உஸ்தாத், நில்லுங்க!"

தூக்கின காலை அவர் பழைய இடத்திலேயே வைத்தார்.

"ஏன்? எல்லாம் வெடிச்சிருச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க."

இசக்கிதுரை சரிவின் மேலே பாறை இருந்த பக்கம் கை காட்டினான்.

"வெடிக்கு வெடி பாறை திருப்பிச் சொல்லும். அது அடுத்த வெடியில அமுங்கிப்போகும். கடைசியா வர்ற எதிரொலி மட்டும் தனியாக் கேக்கும்."

"ஆமா."

"போனதுக்கு ஒண்ணு குறைஞ்சுது. அப்பத்தான் அந்தச் சத்தம் வந்துச்சு. அதையும் சேர்த்துக்கிட்டேன்."

"பாறைச் சத்தம்னு தெரிஞ்சா சேர்த்தீங்க?"

"அப்போ வெடின்னுதான் தோணுச்சு." குனிந்து புல்லைப் பார்த்தபடி, "அப்படித் தோணட்டும்னு இருந்துச்சு" என்றான்.

உஸ்தாத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"இப்ப நான் சொன்னா எல்லாத்தையும் நிறுத்திருவாங்க. எண்ணினவன் நான், நான்தான் நின்னு தேடணும். வண்டி போயிரும் உஸ்தாத். அங்க அப்பா..."

சவரிராஜ் வயர்லெஸ்ஸைத் தோளிலிருந்து கழற்றி நீட்டினார். தானே அதில் பேசவில்லை. நீட்டின கையை மடக்கவும் இல்லை.

பிறகு இசக்கிதுரை வாங்கிக்கொண்டான். சொல்லவேண்டியதைச் சொன்னான்.

சிவப்புக் கொடி மறுபடியும் ஏறியது. கீழே வண்டி ஹாரன் அடித்தது.

"என்ன அண்ணாச்சி, ஏறலையா?" டிரைவர் பூவலிங்கம் கத்தினான். "ரயிலு என்ன உங்க மாமனார் வீட்டு வண்டியா, காத்துக்கிட்டு நிக்க?"

"நீ போப்பா."

வண்டி வளைவில் திரும்புகிறவரை அவன் பார்த்துக்கொண்டே நின்றான்.

கை நீட்டினால் தொடும் இடைவெளியில் எல்லோரும் வரிசை கட்டினார்கள். குனிந்து, பார்த்து, பார்த்த இடத்தில் காலை வைத்து, மறுபடி பார்த்து. உஸ்தாத் அவனுக்குப் பக்கத்திலேயே நடந்தார். மூட்டம் விலகியபோது வெளிச்சமும் கூடவே குறைய ஆரம்பித்தது. பாதிச் சரிவு ஏறியும் எதுவும் கிடைக்கவில்லை.

"உஸ்தாத்."

"ம்."

"நான் எண்ணினதுதான் சரியா இருந்து, பாறைன்னு நெனைச்சதுதான் தப்பா இருந்தா?"

"இருக்கலாம்."

"அப்பா மொகத்தையும் பார்க்காம, இங்க கடைசி வரைக்கும் தேடி, ஒண்ணுமே இல்லைன்னா?"

சவரிராஜ் காலை வைக்கும் இடத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஒண்ணும் இல்லைங்கிறதைத்தான் அண்ணாச்சி தேடுறோம்."

இசக்கிதுரை குனிந்து அடுத்த புல்லைப் பார்க்க ஆரம்பித்தான்.