பன்னிரண்டாவது விண்ணப்பம்

ராசிபுரத்தைத் தாண்டி மலையடிவாரத்தில் இருந்த அந்த ஆசிரமத்தில் குரு சின்னவர், சீடர் பெரியவர். குருவை எல்லோரும் மாதாஜி என்பார்கள். வயது நாற்பதைத் தொடவில்லை. சீடர் வையாபுரிக்கு அறுபத்து மூன்று. வங்கியில் நகைக்கடன் பிரிவில் முப்பத்தைந்து வருஷம் இருந்துவிட்டு, ஓய்வு பெற்ற கையோடு ஞானம் தேடி வந்து சேர்ந்தவர்.

ஞானம் கிடைத்ததோ இல்லையோ, வேலை கிடைத்தது. கல்லூரிக்குப் போகும் ஏழைப் பிள்ளைகளுக்கு ஆசிரமம் முதல் வருஷக் கட்டணத்தைக் கட்டும். யாருக்குக் கட்டலாம் என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பை மாதாஜி அவர் தலையில் கட்டியிருந்தார். பாத்திரமறிந்து பிச்சை போடு என்பது வையாபுரி அடிக்கடி சொல்லும் பழமொழி. விண்ணப்பத்தின் அடியில் ‘நேரில் கண்டது’ என்று ஒரு கட்டத்தை அவரே சேர்த்திருந்தார். ஆளை எதிரில் உட்கார வைத்து மேலும் கீழும் ஒரு பார்வை பார்ப்பார், அந்தக் கட்டத்தில் ஒரு வரி எழுதுவார். பிள்ளையின் படிப்பு அந்த ஒரு வரியில் நின்றது.

இந்த வருஷம் பன்னிரண்டு பேருக்குக் கட்ட முடியும். பதினொரு பேர் முடிவாகிவிட்டார்கள். மிச்சம் இருந்த ஓர் இடத்துக்கு வியாழக்கிழமை காலையில் இரண்டு பேர் வந்தார்கள்.

முதல் ஆள் கிழிந்த பனியனோடு வந்தார். மகனுக்கு இன்ஜினியரிங் கிடைத்திருக்கிறது, கஞ்சிக்கே வழியில்லை என்று மூக்கைச் சிந்தினார். வையாபுரிக்கு மனசு இளகிக்கொண்டு வரும்போது வந்தவருடைய செல்போன் அடித்தது. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம் போல, ஸ்பீக்கரில் போட்டார். மாடி வீட்டு வாடகையை ரெண்டு நாள் கழித்துத் தரட்டுமா என்று யாரோ கேட்டார்கள். வையாபுரி விண்ணப்பத்தை மடித்து அவர் கையிலேயே கொடுத்தார்.

அடுத்து பாவாயி வந்தாள், கூடவே மகள் பிரதீபா. பாவாயி விசைத்தறிப் பட்டறையில் நூல்தார் சுற்றுகிறவள். புருஷன் லாரி ஓட்டி, முதுகு அடிபட்டுப் படுக்கையில் கிடக்கிறான். வந்ததும் ஒரு சீப்பு வாழைப்பழத்தை மேஜையில் வைத்தாள்.

“இதெல்லாம் எதுக்கும்மா?” என்றார் வையாபுரி.

“பெரிய எடத்துக்கு வெறுங்கையோட வரலாமுங்களா.”

“என்ன படிப்பு?”

“நர்சிங்குங்க. கவுன்சிலிங்ல சேலத்துல கெடச்சிருக்குது. நாளைக்குள்ள பணங் கட்டோணுமுங்க. இல்லாட்டி அடுத்த புள்ளைக்குக் குடுத்துருவாங்களாம்.”

“பேங்க்ல கல்விக் கடன் கேக்கலாமே?”

“கேட்டமுங்க. காலேஜ் ரசீது கொண்டாங்கறாங்க. காலேஜ்ல கேட்டா, பணங் கட்டுனாத்தான் ரசீதுங்கறாங்க. மூணு தடவை நடந்துட்டனுங்க.”

இந்தக் கூத்து வையாபுரிக்குத் தெரியாததல்ல. மதிப்பெண் பட்டியல், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் எல்லாம் பிளாஸ்டிக் உறையில் ஒழுங்காக இருந்தன. பேனாவைத் திறந்தார். அப்போதுதான் பாவாயியின் கழுத்தைப் பார்த்தார்.

செயின். கயிறு முறுக்கு வேலை. நகைக்கடன் கண்ணுக்குத் தராசு எதற்கு? மூன்று பவுன், குன்றிமணி கூடக் குறையாது.

“செயின் யாரதும்மா?”

பாவாயி முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இழுத்துக்கொண்டாள். பிரதீபா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தாய் அவள் கையைப் பிடித்து அமுக்கினாள்.

“என்னுதுதானுங்க.”

“அப்ப அதை அடகு வெச்சாலே பீஸ் கட்டிறலாமே.”

பாவாயி “சரிங்க” என்று சொல்லி, மகளைக் கூட்டிக்கொண்டு எழுந்து போனாள். வையாபுரி கட்டத்தில் எழுதினார்: ‘கழுத்தில் மூன்று பவுன். வசதி உண்டு.’

எழுதி முடித்ததும் அவருக்கு எரிச்சல் தலைக்கேறியது. விண்ணப்பத்தைத் தூக்கிக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனார். மாதாஜி தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“என்னால ஆகாதுங்க மாதாஜி. வேற ஆளைப் பாருங்க.”

“என்னாச்சுங்க ஐயா?”

“மாடி வீட்டுக்காரன் கிழிஞ்ச பனியனோட வர்றான். இல்லாதவள்னு நெனச்சா மூணு பவுனைப் போட்டுக்கிட்டு வர்றா. இதுல உண்மையான ஏழை யாருன்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறது?”

மாதாஜி விண்ணப்பத்தை வாங்கி, கடைசி வரி வரைக்கும் படித்தார். மடியில் வைத்துக்கொண்டு மறுபடி கீரையை எடுத்தார்.

“அத்தியப்பன் இந்த வருஷ நன்கொடை இன்னும் தரலையே,” என்றார்.

“நான் கேட்டதுக்குப் பதிலுங்க.”

“வருஷா வருஷம் நான்தான் போய்க் கேப்பேன். இன்னிக்கு நீங்க போய்ட்டு வாங்க. இப்பவே கிளம்புனா மத்தியானத்துக்குள்ள ஆளைப் பிடிச்சுறலாம்.”

குரு சொன்னால் சீடன் போகத்தான் வேண்டும், வயசைக் காட்டித் தப்பிக்க முடியாது. அத்தியப்பன் பெரிய ஜவ்வரிசி ஆலை முதலாளி. அவரிடம் போய் என்னவென்று ஆரம்பிப்பது? கேட்டு வருகிறவர்களை உட்கார வைத்துப் பேசியே பழகியவர் வையாபுரி. இன்னொருவரிடம் கேட்டு நின்றதாக அவருக்கு ஞாபகமே இல்லை.

அறைக்குப் போய்ப் பெட்டியைக் குடைந்தார். மகள் கல்யாணத்துக்குக் கட்டிய பட்டுக்கரை வேட்டி அகப்பட்டது. சட்டையை எடுத்துப்போய்த் தேய்த்து வாங்கினார். எங்கே போனாலும் டவுன் பஸ்ஸில் போகிறவர், அன்றைக்கு டாக்ஸி ஸ்டாண்டிலிருந்து ஒரு வெள்ளைக் காரை வரவழைத்தார். ஆள் பாதி ஆடை பாதி என்று சும்மாவா சொன்னார்கள்? ஆலை வாசலில் பஸ்ஸைவிட்டு இறங்கி வேர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றால் வாட்ச்மேன்கூட மதிக்கமாட்டான்.

காருக்கு மதிப்பு இருந்தது. வாட்ச்மேன் சல்யூட் அடித்துக் கேட்டைத் திறந்தான். அத்தியப்பன் வெளியே வந்து வண்டியைப் பார்த்தார். பிறகு வேட்டிக் கரையைப் பார்த்தார்.

“வாங்க வாங்க. ஆசிரமம் நல்லா வசதி ஆயிருச்சாட்ட இருக்குது,” என்றார்.

வையாபுரி சிரித்து வைத்தார். டீ வந்தது. நன்கொடைப் பேச்சை எடுக்க அவருக்குக் கால் மணி நேரம் பிடித்தது.

அத்தியப்பன் நிதானமாகத் தலையை ஆட்டினார். “நானே ஜவ்வரிசி வெல விழுந்து, பழைய வண்டியத்தான் ஓட்டிட்டு இருக்கறனுங்க. நீங்க ஏசி கார்ல வர்றீங்க. பாத்தாத் தெரியுதுங்களே. இருக்கறவங்களுக்கே குடுத்து என்ன புண்ணியமுங்க? இந்த வருஷம் இல்லாத எடமாப் பாத்துக் குடுத்தர்றேன்.”

மேற்கொண்டு என்ன பேசினோம் என்றுகூட வையாபுரிக்கு நினைவில்லை. டீக்கு நன்றி சொல்லிவிட்டு வந்து காரில் ஏறினார். வழிநெடுக டிரைவர் வாடகைக் கணக்கைப் பேசினான். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆசிரமம் திரும்பும்போது மணி நாலு. மாதாஜி கூடத்தில் இருந்தார். வையாபுரி செருப்பை உதறிய வேகத்தில் ஒன்று படியைத் தாண்டிப் போய் விழுந்தது.

“என்ன மனுஷனுங்க அவன்?” என்றார். “பத்து பைசா தரலை. தராட்டிப் போறான். என் வேட்டியப் பாத்தான், வண்டியப் பாத்தான், அவ்வளவுதான். நமக்கு ஒரு குறையும் இல்லைன்னு அவனே முடிவு பண்ணிட்டான். ஒரு வார்த்தை கேட்டானா?”

“கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?”

“ஏதோ சொல்லியிருப்பேன்.”

“வாடகைக் கார்னு நீங்களே சொல்லியிருக்கலாமே.”

“அதை எப்படிங்க சொல்றது?” வையாபுரிக்குக் குரல் உயர்ந்துவிட்டது. “முன்னப்பின்ன கை நீட்டுனதில்லை. கேக்கற எடத்துலயாவது கொஞ்சம் மானமா நிக்கலாம்னுதானே இத்தனையும். அதைப் போய் இரவல், வாடகைன்னு அவன் மூஞ்சிக்கு நேரா...”

பேச்சு அங்கேயே நின்றது.

வையாபுரி தூணைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே உட்கார்ந்தார். முந்தானையை இழுத்துக்கொண்ட கை கண்ணுக்கு முன்னால் வந்தது. மகள் என்னவோ சொல்ல வாயெடுத்ததும், தாய் அவளை அமுக்கியதும் நினைவுக்கு வந்தன. அந்தச் செயினும் இரவல்தானோ? அவருக்கு முகம் சுட்டது.

“நாளைக்குத்தானுங்க கடைசி நாள்,” என்றார். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

“ஆமாங்க.”

“டிரைவர் வாசல்ல நிக்கறான். இப்பவே போயி அந்தம்மாளைப் பாத்துட்டு வந்தர்றேன்.”

மாதாஜி விண்ணப்பத்தை நீட்டினார். காலேஜ் பேருக்கு எழுதிக் கையெழுத்துப் போட்ட காசோலை அதோடு சேர்த்துக் குத்தியிருந்தது. மை காய்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது. வையாபுரி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு வாசல்வரை போனார். அங்கிருந்து திரும்பி வந்தார்.

“காலைல அப்படிப் பேசி அனுப்பிட்டேன். இப்ப எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போயி நிப்பேன்? மன்னிச்சுக்கம்மான்னா, எதுக்குன்னு கேப்பாங்க. செயினைப் பத்திச் சொன்னா அந்தம்மா கூசிப்போயிருவாங்க. என்னன்னுங்க சொல்றது?”

“ஒரு கையெழுத்து வாங்க மறந்துட்டேன்னு சொல்லுங்க ஐயா,” என்றார் மாதாஜி. “தப்பு உங்க பேர்லயே இருக்கட்டும்.”