ஒரே ஒரு குடிமகன்

வேம்பங்குழி ராஜா பிள்ளையில்லாமல் கண்ணை மூடியதும், ஊரார் கூடிக் குடியரசு வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தார்கள். நல்ல முடிவுதான். எப்படி வைப்பது என்றுதான் ஒருத்தருக்கும் தெரியவில்லை.

கோயில் மண்டபத்தில் தங்கியிருந்த சிவனடியாரைக் கேட்டார்கள். "எல்லார் உள்ளத்திலும் ஒரே ஈசன். ஆகையால் எல்லாருமே அரசர்தான்" என்றார். மலையடிவாரத்துச் சமண முனிவரையும் ஒரு வார்த்தை கேட்டார்கள். "குடிமக்களுக்காகத் தன் உடம்பையே கொடுப்பவன் அரசன்" என்றார் அவர்.

அப்புறம் என்ன? மறுநாளே ஊரில் ஒவ்வொரு தலையிலும் ஒரு கிரீடம். உழவன் மாசிலாமணிக்குப் பாதிச் சுரைக்குடுக்கை கச்சிதமாகப் பொருந்தியது.

அந்தச் சந்தோஷம் மழை வரும்வரைதான். ஏரிக்கரை கசிந்தது, அதுவும் சரியாக அவன் வயலுக்கு மேலே. அந்த நெல் போனால் அவன் வீட்டில் அடுப்பெரியாது. "ஐயோ, கரை போகுதே! ஓடி வாங்களேன்!" என்று அலறினான்.

அரசர்கள் நிதானமாக நடந்து வந்தார்கள். ராஜா ஓடலாமா?

"மண் வெட்டிப் போடும்படி உத்தரவிடுகிறேன்" என்றார் செக்கு ஆட்டும் பெரியகருப்பன்.

"யாருக்குய்யா உத்தரவு? ராஜாவுக்கு ராஜா உத்தரவு போட்டா போர் வந்துடும்!" என்று பதறினார் வெற்றிலைக்கடை வைரவன்.

"சரி, எனக்கே போட்டுக்கறேன். ஏலே கருப்பா, வெட்டுடா மண்ணை!" சற்று யோசித்தார். "ராஜாவாவது, மண் வெட்டுறதாவது! முடியாது." அரச கட்டளையை மீறிய குற்றத்துக்காகத் தன்னைச் சிறையில் அடைக்க வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

மாசிலாமணிக்கு அழுகையே வந்துவிட்டது. "இத்தனை ராஜா இருக்கீங்க, ஒரு குடிமகன் இல்லையே!"

எல்லாரும் திகைத்துப் போனார்கள். வாஸ்தவம்தானே! உடனே பானை வைத்து, ஓலையில் பேர் எழுதிப் போட்டு, ஒரே ஒரு குடிமகனைத் தேர்ந்தெடுத்தார்கள். ஜெயித்தது மாசிலாமணி. சுரைக்குடுக்கையைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினான். "மகாராஜாக்களே, என் வயலைக் காப்பாத்துங்க."

"நாட்டு மக்கள் ஒருமனதாகக் கேட்கிறார்கள்" என்று வைரவன் தழுதழுத்தார். முனிவர் சொன்னது எல்லாருக்கும் நினைவு வந்தது. அத்தனை அரசரும் கரைச் சரிவில் இறங்கி, கசிந்த இடத்தில் முதுகைக் கொடுத்து நெருக்கி உட்கார்ந்தார்கள். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

மழை விட்டது. "மக்களே, எழுந்திருக்கலாமா?" என்று கேட்டார் வைரவன்.

"தேர்தல் வெச்சுத்தான் சொல்லணும்" என்றான் மாசிலாமணி. 'எழட்டும்' என்று ஒரு ஓலை எழுதிப் பானையில் போட்டான். வயலைத் திரும்பிப் பார்த்தான். 'இருக்கட்டும்' என்று இன்னொன்றும் போட்டான். பிறகு பானையைக் கவிழ்த்து எண்ணினான்.

"மக்களுக்குள்ளேயே ரெண்டு கட்சி, மகாராஜா. சரிசமமா வந்திருக்கு. மறுதேர்தல் அறுவடைக்கு அப்புறம்தான்."

"இதுதான்யா குடியரசு!" என்று அரசர்கள் சேற்றிலிருந்து ஆரவாரம் செய்து, இன்னும் கொஞ்சம் நெருக்கி உட்கார்ந்தார்கள்.