மாடக்கண்ணு எழுதிய எண்

மணி ஏழானால் என் கால் இப்போதும் பாளையங்கோட்டையின் அந்தப் பள்ளிக்கூடத்துப் பக்கம் திரும்பப் பார்க்கும்.

பகலில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் குட்டை பெஞ்சுகளில், மாலையில் நாங்கள் முழங்காலை மடக்கி உட்காருவோம். வாழ்வியல் தத்துவமும் அன்றாடப் பொருளாதாரமும் என்று பாடத்துக்குப் பெயர். நடத்தியவர் ஜெசிந்தா டீச்சர். பகலில் கூட்டுறவுப் பண்டகசாலையில் எழுத்தர், நாற்பதுகூட ஆகவில்லை. அவரைவிட வயதில் குறைந்தவள் அங்கே நான் ஒருத்திதான். பல்கலைக்கழகத்தில் கேட்கவிடாத கேள்விகளை அங்கே போய்க் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இருபது பேர் வந்தால்தான் வகுப்பு நடக்கலாம் என்பது இந்த மாலை வகுப்புகளை நடத்தும் கல்வித் துறையின் விதி. வந்ததோ பதினோரு பேர். மீதி ஒன்பது கையெழுத்தையும் வந்தவர்கள் பங்கு போட்டுக்கொண்டோம். டீச்சர் வருவதற்குள் வருகைப் பதிவேடு ஒரு சுற்று வந்துவிடும்.

அன்று உண்மையைப் பற்றிய பாடம். முடித்துவிட்டு, "யாராவது ஏதாவது கேட்கணுமா?" என்றார் டீச்சர்.

மாடக்கண்ணு எழுந்தார். சந்தையில் மூட்டை தூக்குகிறவர். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், சுடலைமுத்து மஸ்கட்டுக்குப் போயி எட்டு மாசம் ஆவுது. தினமும் அவனுக்கு நாந்தான் இடது கையால கையெழுத்துப் போடுதேன். வலது கையால போட்டா என் எழுத்துன்னு தெரிஞ்சிரும்லா. உண்மையைப் பத்திப் படிச்சுக்கிட்டே இதைச் செய்யலாமா?"



"அண்ணாச்சி, உமக்கு இன்னைக்குத்தானா ஞானம் வரணும்?" என்றார் பனங்கிழங்கு விற்கும் வேலம்மாள். "நாளைக்கு அதிகாரி வந்து பதிவேட்டைப் பாக்காரு. இருபது இல்லன்னா வகுப்பை மூடிருவாவ."

"தெரியும் தாயி. அதான் இன்னைக்குக் கேக்கேன்."

எனக்குப் பொறுக்கவில்லை. "இருபதுன்னு யாரோ ஏசி ரூம்ல உட்கார்ந்து எழுதினது. பதினோரு பேர் படிச்சா அது படிப்பில்லையா? விதிதான் தப்பு. தப்பான விதியை ஏமாத்தினா என்ன தப்பு?"

"பாப்பா பேசுதது நல்லாத்தான் இருக்கு," என்றார் மாடக்கண்ணு. "ஆனா அதுவும் இடது கையால போட்ட மாரியே இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

டீச்சர் அவரிடம் கேட்டார்: "வகுப்பை மூடிட்டா உங்களுக்கு என்ன போகும்?"

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார்.

"சந்தையில என்னைய 'ஏ லோடு'ன்னு கூப்பிடுவாவ. இங்க மட்டுந்தான் 'நீங்க என்ன நினைக்கீங்க'ன்னு கேக்கீங்க. அது போயிரும்."

டீச்சர் பதிவேட்டை அவர் முன்னால் விரித்து வைத்தார். அடியில், வந்தவர் எண்ணிக்கையை டீச்சர் எழுத வேண்டிய கட்டம் காலியாக இருந்தது. பேனாவை அவர் கையில் கொடுத்தார்.

"எழுதுங்க."

மாடக்கண்ணு எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்து உதட்டுக்குள் எண்ணினார். அவருக்குத் தெரியாத கணக்கா என்ன. வேலம்மாள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாடக்கண்ணு பதினொன்று என்று எழுதினார். பிறகு சுடலைமுத்துவின் கையெழுத்தை அடித்தார். முந்தைய பக்கத்தைப் புரட்டி அங்கேயும் அடித்தார். அதற்கு முந்தையதிலும்.

பேனா கை மாறியது. எனக்கும் ஒருத்தி இருந்தாள். ஜூன் மாதத்தோடு நின்றுபோன ஒரு நர்ஸ். அவள் பெயரில் நான் போட்டிருந்ததையெல்லாம் அடித்தேன். கடைசியாக வேலம்மாள் எழுந்து வந்தார். தான் போட்டதை அவரும் அடித்தார். அன்றைய வகுப்பு அப்படியே முடிந்தது.

பத்து நாளில் வகுப்பை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. டீச்சருக்கு ஒரு மெமோவும் வந்தது.

ஆத்திரம் அடங்காமல் பண்டகசாலைக்கே போனேன். கவுன்ட்டரில் கூட்டமில்லை.

"எங்க எல்லாரையும்விட அவருக்குத்தான் அந்த வகுப்பு தேவையா இருந்துச்சு. அவர் கையாலேயே அதை மூட வச்சீங்களே. எண்ணிக்கையை நீங்களே எழுதியிருக்கக் கூடாதா டீச்சர்?"

டீச்சர் எழுதிக்கொண்டிருந்த பில் புத்தகத்தை மூடினார்.

"கையெழுத்து விஷயம் எனக்கு முதல் நாளே தெரியும்மா. கேட்கத்தான் தைரியம் வரலை. அவர் கேட்டுட்டார். அதுக்கப்புறம் அந்தப் பேனாவை நான் எப்படிப் பிடிக்கிறது?"