நெட்டை எழுத்துப் பெப்பர்

ஹச்! முதலில் ஒரு தும்மல் கேட்டது. அடுத்து ஏழெட்டு. பிறகு சபை முழுக்கத் தும்மியது. அந்தக் காலத்தில் கொற்றையூர்ச் சீமையை உதயசந்திர பூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். அவர் தும்மினால் சபையும் தும்ம வேண்டும் என்பது வழக்கம். அன்றைக்கு யாரும் நடிக்க வேண்டியிருக்கவில்லை. சபை நடுவே நாற்பது மூட்டை மிளகு வாய் பிரிந்து கிடந்தது.

பத்து நாளைக்கு முன்னால், எல்லையில் கூடாரம் போட்டிருந்த கும்பெனித் துரை ஒரு கடிதம் அனுப்பியிருந்தார். சபையில் இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆளான துபாஷி தாண்டவமூர்த்தி, "துரைக்குப் பெப்பர் வேண்டுமாம்" என்றார். பெப்பர் என்றால் மிளகு. பண்டகசாலைக்காரி வெள்ளச்சி நாற்பது மூட்டை ஏற்றி அனுப்பினாள். இன்று அத்தனையும் திரும்பி வந்துவிட்டது, கூடவே இன்னொரு கடிதம்.

துபாஷி கனைத்துக்கொண்டு படித்தார். "ஐ ஆஸ்க்ட் ஃபார் பெப்பர். யூ சென்ட் பெப்பர். அதாவது மகாராஜா, நான் பெப்பர் கேட்டேன், நீர் பெப்பர் அனுப்பினீர். வெள்ளிக்கிழமைக்குள் பெப்பர் வராவிட்டால் படை வரும்."

"கேட்டதைத்தானே ஐயா அனுப்பியிருக்கிறோம்?" என்றார் ராஜா.

"அங்கேதான் சூது. இதோ நிற்கிறாளே வெள்ளச்சி, இவள் பப்பாளி விதையைக் கலந்திருக்கிறாள். துரை நாசூக்காகச் சொல்கிறார்."

போன பொங்கலுக்கு ராஜா துபாஷிக்குத் துண்டும் வெள்ளச்சிக்குப் பட்டும் கொடுத்ததிலிருந்து துபாஷிக்கு அவள்மேல் காய்ச்சல்.

"அப்படியா? சாப்பாட்டுக்கு முன்னால் இவள் வலது கையை வெட்டிவிடுங்கள்" என்றார் ராஜா.

"வெட்டிக்கோங்க மகாராஜா. அதுக்கு முன்ன அந்தக் கடுதாசியை ஒருக்கா பாக்கறேன்" என்றாள் வெள்ளச்சி.

துபாஷி சிரித்தார். "உனக்குத் தமிழே படிக்க வராதே, அம்மா!"

"வராதுங்க. மூட்டை மேல குறி பாத்துப் பிரிக்க வரும்."

கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்தாள். "பெப்பர் எங்க இருக்கு?" துபாஷி இரண்டு இடத்தில் விரல் வைத்தார்.

"கேட்ட பெப்பருக்குத் தலையெழுத்து நெட்டை. அனுப்பின பெப்பருக்குக் குட்டை. ஏனுங்க?"

"துரை கையெழுத்து அப்படி."

"மகாராஜா பேரு எங்க?" நெட்டை. "சென்னப்பட்டணம்?" நெட்டை. "மூட்டை?" குட்டை. "நட்பு?" அதுவும் குட்டை.

ராஜா முன்னால் சாய்ந்தார். "படை?"

"குட்டைதான் மகாராஜா. ஆயிரம் பேரு கூடி நின்னாலும் குட்டைதான்."

ராஜாவுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. "இது என்ன, ஒற்றை எழுத்து, தனியாக நெட்டையாக நிற்கிறது?"

"அது ஐ. 'நான்' என்று பொருள்" என்றார் துபாஷி.

"துரைக்குத் தன்மேல் நல்ல மரியாதை" என்றார் ராஜா.

வெள்ளச்சி கடிதத்தை மடித்தாள். "அளந்து போடற சரக்கு, கூட்டம், குணம் எல்லாம் குட்டை. தனக்குன்னு பேரு வச்சதுதான் நெட்டை. துரை கேட்டது சரக்கு இல்லீங்க. மிளகு கேக்கறவர் எத்தனை மூட்டைன்னு சொல்லமாட்டாரா? பெப்பர்ங்கிறது யாரோட பேரோ. கூப்பிட்டுப் பாருங்க."

"பெப்பர்!" என்றார் ராஜா. மந்திரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "பெப்பர்ர்!"

வாசலில் நின்ற துபாஷியின் பல்லக்கிலிருந்து, தொங்கிய காதுகளோடு ஒரு கறுப்பு நாய் குதித்தது. நேரே ஓடி வந்து சிம்மாசனத்தின் முன்னால் உட்கார்ந்தது. பத்து நாளாகத் துபாஷி ஊரெல்லாம் பெருமையடித்த சீமை நாய்.

"எல்லையோரம் கிடைச்சது மகாராஜா" என்றார் துபாஷி. "கறுப்பான்னு பேர் வச்சேன்."

"கூப்பிட்டால் வந்ததா?"

"ஒரு நாளும் வரல."

ராஜா நாயின் தலையைத் தடவினார். "வெட்ட வேண்டாம்" என்றார். "துபாஷியாரே, நீர் நடந்தே போய் இதைத் துரையிடம் விடும். வழியெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் போகணும். நெட்டை எழுத்து தெரியும்படி கூப்பிடும். வெள்ளச்சி, இனி எந்தக் கடுதாசிக்கும் நீ பார்த்த பிறகுதான் அர்த்தம். இவர் பல்லக்கும் உனக்கு."

"அதுல மூட்டை ஏத்தலாமுங்களா?"

"உன் பல்லக்கு, உன் இஷ்டம்."

வெள்ளச்சி இரண்டு கையாலும் கும்பிட்டாள். பிறகு கொண்டையில் செருகியிருந்த கோணியூசியை எடுத்து, சணலைக் கோத்து, முதல் மூட்டையின் வாயைத் தைக்க ஆரம்பித்தாள்.