பதினான்காம் கட்டில் கேஸ் ஷீட்

டாக்டர் இளம்வழுதி மருத்துவத்தைக் கல்லூரியில் படித்தார். வார்டை சிஸ்டர் புளோராவிடம் படித்தார். சிஸ்டர் அவரைவிட நான்கு வயது இளையவர். ஆனால் பத்து வருஷமாக அதே ஆண்கள் வார்டு. எதில் தடுக்கினாலும் டாக்டர் அவரிடம்தான் போய் நிற்பார்.

மூன்று நாள் லீவு முடிந்து சிஸ்டர் அன்றுதான் வேலைக்கு வந்திருந்தார். காலை ரவுண்ட்ஸுக்கு மணி அடித்தது. வாட்ச்மேன் தொண்டையைத் திறந்தார்.

"அட்டெண்டர் எல்லாம் வெளிய! வெளிய போங்க!"

துணைக்கு இருந்தவர்கள் பாயும் தூக்குவாளியுமாக ஓடினார்கள். ஆட்டைக்கூட இன்னும் கொஞ்சம் மரியாதையாகத்தான் பட்டியிலிருந்து விரட்டுவார்கள்.

பதினான்காம் கட்டில் இசக்கியப்பனுக்கு விரட்டவும் ஆள் இல்லை. எழுபத்தாறு வயது. நெஞ்சில் சளி கட்டி வந்தவர். மறதி நோய் வந்து ஐந்து வருஷம். பிள்ளை கிடையாது. மனைவி பேச்சித்தாய் மட்டும்தான். ஆண்கள் வார்டில் ஆண் துணைதான் தங்கலாம் என்று போர்டு தொங்குகிறது. அந்த ரூல்ஸை எழுதிய புண்ணியவானுக்குப் பெண்டாட்டி இல்லை போலிருக்கிறது. மூன்று நாளாக அந்த அம்மாள் கேட்டுக்கு வெளியே சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

காலையில் சிஸ்டரிடம் மூன்று நாள் கதையையும் சொன்னவள், டாக்டர் உள்ளே வரும்போதும் எழுந்து நின்றாள்.

"ஐயா, ஒரு வாய் கஞ்சி ஊட்டிட்டு வந்திருதேன். என் கையால குடுத்தாத்தான் வாயத் திறப்பாவ."

"ரூல்ஸ் அம்மா," என்று சொல்லிவிட்டு அவர் நடந்துவிட்டார்.

கேஸ் ஷீட்டில் மூன்று நாளும் அவர் கையெழுத்துத்தான். முதல் நாள், 'பேசவில்லை.' இரண்டாம் நாள், 'சாப்பிட மறுக்கிறார்.' மூன்றாம் நாள், டிரிப்ஸைப் பிடுங்கியதால், 'ஒத்துழைப்பதில்லை. கையைக் கட்டவும்.' கட்டியும் விட்டார்கள்.

"பெரியவரே, உங்க பேர் என்ன?" என்று டாக்டர் கட்டில் பக்கம் குனிந்தார்.

இசக்கியப்பன் வாசலையே பார்த்தார். கட்டிய கையை இழுத்தார்.

"கஞ்சி குடிச்சீங்களா?"

வாயை இறுக மூடிக்கொண்டார்.

"இன்னைக்கு மூக்கு வழியா டியூப் போட்டுருவோம் சிஸ்டர். இல்லன்னா ஆள் தாங்க மாட்டார்."

சிஸ்டர் அந்த மணிக்கட்டைப் பார்த்தார். துணி அறுத்துத் தோல் உரிந்திருந்தது. அவர் முகம் சிவந்தது.

டாக்டருக்கும் மனசு கேட்கவில்லை. "எல்லாத்தையும் மறந்துட்ட ஆள்கிட்ட எப்படி சிஸ்டர் பேசுறது?"

சிஸ்டர் டிராலியிலிருந்த கேஸ் ஷீட் அத்தனையையும் வாரினார். டாக்டர் கையில் இருந்ததையும் பிடுங்கிக்கொண்டார். நேராகக் கேட்டுக்குப் போனார்.

"அண்ணாச்சி, இதையெல்லாம் வெளிய வைங்க. ரவுண்ட்ஸ் முடியிற வரைக்கும் ஒண்ணையும் உள்ள விடாதீங்க."

வெளியே அனுப்பச் சொன்னால் வாட்ச்மேன் கேள்வி கேட்பாரா? சிமெண்ட் பெஞ்சில், பேச்சித்தாய்க்குப் பக்கத்தில், அடுக்கி வைத்துவிட்டார்.

"வாங்க சார். அடுத்த கட்டில்," என்றார் சிஸ்டர்.

பதினைந்தாம் கட்டிலின் முன்னால் டாக்டர் நின்றார். முகம் பழகிய முகம்தான். பெயர் வரவில்லை.

"உங்களுக்கு... சர்க்கரையா? பிரஷரா?"

"நேத்து நீங்கதான ஐயா பாத்தீய?" என்றார் அந்த மனிதர்.

"நேத்து என்ன ஊசி எழுதினீங்க சார்?" என்று கேட்டார் சிஸ்டர்.

டாக்டர் விழித்தார்.

"எத்தனை நாளா இருக்கார்?"

டாக்டர் வாசலைப் பார்த்தார்.

"டாக்டர் ஒத்துழைக்கலைன்னு எழுதிக்கவா சார்?"

யாரோ சிரித்தார்கள். டாக்டருக்குக் காது சுட்டது. கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்ன விளையாட்டு இது சிஸ்டர்? முப்பது பேரோட கதை என் தலையிலயா இருக்கு? எல்லாம் அதுலதான் இருக்கு. அது பக்கத்துல இல்லாம நான் எப்படி வாயத் திறக்கிறது? முதல்ல உள்ள கொண்டு வரச் சொல்லுங்க!"

சிஸ்டர் பதினான்காம் கட்டிலுக்குத் திரும்பிப் போனார். குனிந்து, இசக்கியப்பனின் கைக்கட்டை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"சொல்றேன் சார். ஆனா இவரோடது மட்டும் மூணு நாளா அந்த பெஞ்சுலதான் உக்காந்திருக்கு, மடியில கஞ்சித் தூக்கோட. அதையும் உள்ள விடச் சொல்லட்டுமா?"