மணி அடிக்காத கட்டடம்

இந்தக் கதை முடிந்ததும் நீங்கள் ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே காது கொடுத்துக் கேளுங்கள்.

சென்னைக்குத் தெற்கே நெய்தவாக்கம் என்ற ஊரின் ஓரத்தில் ஜன்னலே இல்லாத ஒரு பெரிய கட்டடம் இருந்தது. உள்ளே மனிதர்களைவிடக் கம்ப்யூட்டர்கள் அதிகம். வங்கிக் கணக்குகளும் கல்யாணப் படங்களும் யார் யாருடைய ரகசியங்களோ அங்கே குளிர்காற்றில் பத்திரமாக இருந்தன. அந்த டேட்டா சென்டரின் முதலாளி சிவப்பிரகாசம். அதை விலைக்கு வாங்க ஒரு தொழில்நுட்ப நிறுவனம் முன்வந்து, கட்டடத்தைப் பார்த்துச் சொல்லத் தன் பொறியாளர் மதுரவல்லியை அனுப்பியது.

முதல் நாளே வாசலில் ஒரு பெண் அவளுடைய காரை மறித்தாள். பெயர் ஸ்டெல்லா. அவள் புருஷன் அற்புதராஜ் அங்கே எலெக்ட்ரீஷியனாக இருந்து, பேட்டரி அறையில் செத்துப்போனவன். அந்த அறையில் தீப்பிடித்தால் ஒரு வாயு பீறிட்டு வந்து நெருப்பை அணைக்கும்; கூடவே மூச்சுக்காற்றையும் விரட்டிவிடும். அதனால் வாயு வருமுன் மணி அடிக்கும். உள்ளே இருப்பவர்கள் ஓடி வந்துவிட வேண்டும். ஒரு நாள் அந்த வாயு பாய்ந்தபோது அற்புதராஜ் ஓடி வரவில்லை. "பேட்டரி திருடப் போனவன். மணி அடித்ததும் மாட்டிக்கொள்வோம் என்று பயந்து ஒளிந்துகொண்டான்" என்று சிவப்பிரகாசம் போலீஸில் சொன்னார். ஊரும் நம்பியது.

"எனக்கு வேற எதுவும் வேணாம் மேடம்," என்றாள் ஸ்டெல்லா. "திருடன்னு சொன்னதை மட்டும் வாபஸ் வாங்கச் சொல்லுங்க. எம்பொண்ணு பள்ளிக்கூடம் போக மாட்டேங்குது."

"கேட்டுப் பாக்கறேன்க்கா," என்று சொல்லிவிட்டு மதுரவல்லி உள்ளே போனாள். தப்பித்துக்கொள்வதற்காகச் சொன்ன சொல்தான் அது.

பேட்டரி அறைக்கு வந்ததும் மணியைச் சோதித்துப் பார்த்தாள். அடிக்கவில்லை. மூடியைத் திறந்தால், உள்ளே ஒயர் அறுபட்டுக் கிடந்தது. அறுத்த முனையில் கறுப்பு டேப் சுற்றி, அதன்மேல் பல வருஷத் தூசி படிந்திருந்தது.

கூட வந்த மேனேஜர் பரிதிக்கு முகம் வெளிறிவிட்டது. "நான்தான் மேடம் அறுத்தேன். சும்மா சும்மா அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. வெளிநாட்டு வாடிக்கையாளருங்க வந்தப்போ அடிச்சு, எல்லாரும் வாசலுக்கு ஓடிட்டாங்க. முதலாளி அறுத்துவிடச் சொன்னாரு."

"அற்புதராஜ் செத்த அப்புறமும் ஏன் சரிபண்ணல?"

"ரிப்பேருக்கு ஆளைக் கூப்பிட்டா விஷயம் வெளிய தெரிஞ்சிடும். வேலை போயிட்டா எனக்கு வேற வழியில்ல மேடம். அற்புதம் என் சிநேகிதன். அவன் சவப்பெட்டியைத் தூக்கினதுல நானும் ஒருத்தன்."

அவன் அழுதான். மதுரவல்லிக்கு அந்த அழுகையைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அந்த ஊமை மணியின் கீழே இன்றைக்கும் ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

நேரே தன் இயக்குநர் அநிருத்தனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கவனமாகக் கேட்டார். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து, நியாயம் கிடைத்துவிடும் என்றே நினைத்தாள்.

"பிரமாதமான வேலை பண்ணியிருக்கே மதுரா," என்றார். மறுநாள் சிவப்பிரகாசத்தைக் கூப்பிட்டு அறுந்த ஒயரைப் பற்றிப் பேசினார். விலை மளமளவென்று இறங்கியது. கட்டடத்தின் பழைய சங்கதிகளை இரு தரப்பும் வாய் திறந்து பேசக்கூடாது என்று ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

"அந்தம்மா வாசல்லயே நிக்கிறாங்க சார்," என்றாள் மதுரவல்லி.

"பாவந்தான். ஆனா நாம கட்டடத்தைத்தானே வாங்கறோம்? அவங்க கதையையும் சேர்த்தா வாங்கினோம்? புது மணி மாட்டிடு."

மணி மாட்டியாயிற்று. கட்டடம் கைமாறும் நாளில் பூஜை நடந்தது. சிவப்பிரகாசமும் அநிருத்தனும் ஒருவருக்கொருவர் மாலை போட்டுக்கொண்டார்கள். திருஷ்டிப் பூசணியைப் பேட்டரி அறை வாசலிலேயே உடைத்தார்கள். சிவந்த குங்கும நீர், அற்புதராஜ் விழுந்து கிடந்த தரையில் வழிந்தது. அதைத் தாண்டி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

மதுரவல்லி கையில் தொன்னையோடு வெளியே வந்தாள். வாசலில் பரிதி ஸ்டெல்லாவிடம் சர்க்கரைப் பொங்கலை நீட்டிக்கொண்டிருந்தான். புது நிறுவனத்திலும் அவன்தான் மேனேஜர். "சாப்பிடுங்கக்கா, நல்ல நாளும் அதுவுமா," என்றான். அவளும் வாங்கிக்கொண்டாள்.

மதுரவல்லியின் வாயில் நெய் கசந்தது. மதிலோரம் போய்ப் பொங்கலைத் துப்பினாள். துப்பிய பிறகும் நாக்கில் அது ஒட்டிக்கொண்டே இருந்தது.

"அக்கா, மணி அடிக்கவே இல்ல," என்றாள். "ஒயரை அறுத்து வெச்சிருந்தாங்க. என் கண்ணால பாத்தேன்."

ஸ்டெல்லா கையிலிருந்த தொன்னையைப் பார்த்தாள், பரிதியைப் பார்த்தாள். தொன்னையை அவன் காலடியில் வைத்துவிட்டு மதுரவல்லியின் காரில் ஏறிக்கொண்டாள். இருவரும் போலீஸ் நிலையம் போனார்கள். மதுரவல்லி வாக்குமூலம் கொடுத்தாள், வேலை போயிற்று. பரிதியும் விசாரணையில் உண்மையைக் கக்கினான். திருட்டு என்ற சொல் வழக்கிலிருந்து நீங்கியது. சிவப்பிரகாசம் கோர்ட்டுக்கு அலைகிறார். அநிருத்தன் மீது கேஸ் எதுவும் இல்லை.

இப்போது சொல்லுங்கள். சிவப்பிரகாசம் மணியின் ஒயரை அறுக்கச் சொன்னார்; செத்தவனைத் திருடனாக்கினார். பரிதி தன் கையால் அறுத்தான். சிநேகிதன் பெயர் நாறியபோது வாய் மூடி நின்றான். அநிருத்தன் எதையும் அறுக்கவில்லை. ஒரு பொய்யும் சொல்லவில்லை. இம்மூவரில் யார் செய்தது மிக இழிவு?

விடை: அநிருத்தன் செய்தது. சிவப்பிரகாசம் ஜெயிலுக்குப் பயந்தார். பரிதி பட்டினிக்குப் பயந்தான். பயம் அவர்கள் குற்றத்தைக் கழுவாது. ஆனாலும் அவர்கள் மேல் ஒட்டிய மலம் அவர்களாலேயே உண்டானது. அநிருத்தனுக்குப் பயப்பட எதுவுமே இல்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் அவருடைய சுண்டுவிரல்கூட நொந்திருக்காது. சுத்தமான கையோடு வந்தவர், குனிந்து அந்த மலத்தை அள்ளி, எடை போட்டு, விலை பேசினார். பார்க்கப்போனால், அற்புதராஜின் சாவால் லாபம் அடைந்தவர் அவர் ஒருவரே.