வாலைக் கவ்வியிருந்த வாய்

அந்தக் காலத்தில் வாய் இருந்தவை எல்லாம் பேசின. வாய் இல்லாத மரங்கள்கூட அறுக்கும்போது ஏதோ முனகின. அப்போது ஒரு பாறைக் கரட்டின் அடியில் வள்ளாத்தா என்ற தச்சுக்காரி இருந்தாள். கையளவு மர மிருகங்கள் செய்வதுதான் அவள் வேலை.

தைப் பொங்கல் நோம்பிக்கு ஒவ்வொரு மிருகமும், தன்னைக் கண்டு பயப்படுகிற வீட்டார் தன் உருவத்தை மரத்தில் செய்து வாசலில் வைக்க வேண்டும் என்று சொல்லும். பூனையின் உருவம் எலி வீட்டுக்குப் போய்விட்டால், அடுத்த நோம்பி வரைக்கும் பூனை அந்த வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்காது. போகாவிட்டால் என்ன ஆகும் என்று எலிக்குத் தெரியும். அதனால் மார்கழி பிறந்தால் வள்ளாத்தாவுக்குச் சோறு தின்னக்கூட நேரம் கிடைக்காது.

அவளிடம் இரும்பு ரம்பம் கிடையாது. ஒரு பாம்புதான் அவளுக்கு ரம்பம். அதற்கு விலாவின் இரண்டு பக்கமும் நெடுகப் பல் இருந்தது. மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம். பாம்பு இரண்டையும் சுற்றிப் போய்த் தன் வாலைத் தானே கவ்விக்கொள்ளும். வள்ளாத்தா மிதிகட்டையை மிதித்தால் சக்கரம் சுழலும், பாம்பும் சுழலும். கட்டையைக் காட்டினால் வாழைத்தண்டு போல அறுபடும்.

ஒரு நாள் மரத்தூள் மூக்கில் ஏறிப் பாம்பு தும்மிவிட்டது. வால் நழுவியது. சுழன்ற வேகத்தில் உடம்பு சாட்டையாகத் தெறித்து, வள்ளாத்தாவின் இடது காதைப் பாதி கொண்டுபோய்விட்டது.

"போனது போச்சு. இனி ஒத்தைத் தோடு போதும், அதுவும் மிச்சம்தான்" என்று அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னாள். "இன்னொரு தடவை தெறிச்சா கழுத்துதான். தும்மல் வந்தாலும் சரி, வானமே இடிஞ்சு விழுந்தாலும் சரி, நான் சக்கரத்தை நிறுத்துற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. சத்தியம் பண்ணு, சாமி."

"சத்தியமா திறக்க மாட்டேன் அக்கா" என்றது பாம்பு. அன்று முதல் சக்கரம் சுழலும்போது அது வாயைத் திறந்ததே இல்லை.

இரண்டு வருஷம் கழிந்தது. அன்று நோம்பிக்கு முதல் நாள். விடியும் முன்பே வந்து வரிசையில் நின்றது ஓர் அணில். அதன் முறை வருவதற்குள் மத்தியானம் தாண்டிவிட்டது. பிள்ளைகளைத் தனியே விட்டுவிட்டு வந்தவளுக்குக் கால் ஓரிடத்தில் நிற்குமா? அங்கே ஓடுவதும் இங்கே ஓடுவதுமாக இருந்தது.

"ஏனுங்கக்கா, எனக்குப் பூனை உருவம் ஒண்ணு. பொழுது சாயறதுக்குள்ள வீட்டு வாசல்ல இருக்கோணும்னு பூனை கறாரா சொல்லீட்டுது. இல்லாட்டி அது தானே வருதாம்."

"வரட்டும், வந்தா ஒரு வாய் தண்ணி குடுத்து அனுப்பு" என்றாள் வள்ளாத்தா.

"விளையாடாதீங்கக்கா. மூணும் இன்னும் கண்ணே திறக்கலை. பால் குடுத்துப் பொந்துக்குள்ள போட்டு, நாரை வெச்சு நல்லா அடைச்சுட்டு வந்திருக்கேன்."

"சரி அம்மிணி, இதோ ஆச்சு."

கட்டைகள் எல்லாம் தீர்ந்திருந்தன. காலையில் அடித்த காற்றில் முறிந்த வெப்பாலை மரக் கிளை ஒன்று கொல்லை வேலி ஓரம் கிடந்தது. வள்ளாத்தா அதை இழுத்துவந்து ஒரு சாண் துண்டு எடுத்தாள். அதன் ஒரு பக்கத்தில் கருப்பாக ஒரு கணு தெரிந்தது. வேறு நாளாக இருந்தால் கட்டையைத் தட்டிப் பார்த்திருப்பாள். அன்று வாசலில் இன்னும் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். கணு மேலேயே பூனையின் வயிற்றை வரைந்தாள்.

அவள் அறுக்கும் முறை இப்படி. பக்கவாட்டில் ஒரு படம், முதுகுப் பக்கம் ஒரு படம். முதல் படத்தை அறுத்ததும், விழுந்த துண்டுகளைத் தூக்கிப் போட மாட்டாள். இருந்த இடத்திலேயே திரும்ப வைத்து நாரால் கட்டி, கட்டையைப் புரட்டி இரண்டாவது படத்தை அறுப்பாள். கடைசியில் நாரை அவிழ்த்தால் வேண்டாத துண்டுகள் உதிர்ந்து, உள்ளே மிருகம் நிற்கும். அதைப் பார்க்கத்தான் எல்லாரும் கூடுவார்கள்.

சக்கரம் சுழன்றது. முதல் அறுப்பு பூனையின் காதிலிருந்து முதுகுக்குப் போனது. அப்போது பாம்பின் உடம்புக்குள் ஒரு குரல் வந்தது. மரத்தின் முனகல் என்று முதலில் நினைத்தது. மறுபடியும் வந்தது.

"அம்மா."

மரம் அம்மாவைக் கூப்பிடாது.

பாம்பு கூப்பிடப் பார்த்தது. வால் வாயில் இருந்தது. சுற்றிச் சுற்றிப் போகும்போது, மேலே வந்த ஒரு நொடியில் வள்ளாத்தாவின் முகம் தெரிந்தது. வாயை விட்டால் அந்தக் கழுத்து போகும். பக்கத்தில் நிற்கிற அணிலும் போகும். பாம்பு கண்ணை உருட்டிக் காட்டியது.

"தும்மலா? அடக்கு சாமி, அடக்கு. கடைசிக் கட்டை மாதிரி நினைச்சுக்க" என்றாள் வள்ளாத்தா.

"பாம்புக்குக்கூட நோம்பி அவசரம் வந்துட்டுது போல!" என்று அணில் சிரித்தது.

முதல் படம் முடிந்தது. வள்ளாத்தா ஒரு காலால் மிதித்துக்கொண்டே நாரைச் சுற்றினாள். சக்கரத்தை நிறுத்தினால் மறுபடி வேகம் பிடிக்க நேரமாகும் என்று நிறுத்தவில்லை. அந்த நேரம் முழுக்கப் பாம்பு வெறும் காற்றில் ஓடியது. திறக்கலாமா, கூடாதா? சத்தியம் பண்ணியிருக்கிறோமே. இந்த அறுப்பு ஓரமாகத்தானே போகும், குட்டிகள் நடுவில் ஒண்டியிருக்குமே. இப்படி எண்ணி எண்ணி அது ஓடிக்கொண்டே இருந்தது.

வள்ளாத்தா கட்டையைப் புரட்டிக் காட்டினாள். பாம்பு கண்ணை மூடிக்கொண்டது. பல்லை இன்னும் இறுக்கியது.

சக்கரம் நின்றது. பாம்பு வாலை விட்டுக் கீழே சரிந்தது. வள்ளாத்தா நாரை அவிழ்த்தாள். துண்டுகள் உதிர்ந்தன. கணு என்று அவள் நினைத்தது நாரால் அடைத்த பொந்து. அவற்றோடு, மரத்தூள் பூசிக்கொண்டு இரண்டு அணில்குட்டிகள் உருண்டு விழுந்தன.

கூட்டம் ஓவென்று சிரித்தது. "பூனை செய்யச் சொன்னா அணில் வந்திருக்குது பாரு!" என்றது ஒரு காடை. வள்ளாத்தாவும் சிரித்தாள். தாய் அணில் சிரிக்கவில்லை. ஓடிவந்து முகர்ந்து பார்த்தது.

"இது என் பிள்ளைக" என்றது. பிறகு கேட்டது, "மூணாவது எங்கே?"

மரப் பூனை நான்கு காலில் அழகாக நின்றது. அதன் வயிற்றடியில் கிடந்த தூள் சிவந்திருந்தது.

அணில் அந்தத் தூளை விலக்கிப் பார்த்தது. பிறகு பழையபடி மூடியது. அழவில்லை. வள்ளாத்தாவின் கால் மிதிகட்டையை மறுபடி மிதிக்கத் தொடங்கியிருந்தது. வெறும் சக்கரம் சுற்றியது. நிறுத்த வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

அணில் பாம்பின் பக்கம் திரும்பியது. "நீதானே உள்ளே போய் வந்தே. உனக்குச் சத்தம் கேட்கலையா?"

"கேட்டுச்சு."

"எப்போ?"

"முதல் அறுப்பிலேயே."

"அப்புறம் ஏன் சொல்லலை?"

"வாயில வால் இருந்துச்சு. திறக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருந்தேன். திறந்தா அக்காவுக்கு..."

"வாலும் உன்னுது" என்றது அணில் மெதுவாக. "வாயும் உன்னுது."

அவ்வளவுதான் சொன்னது. உயிரோடு இருந்த இரண்டையும் ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போய்விட்டது. மரப் பூனையை எடுத்துப் போகவில்லை.

பாம்பு அணிலின் பின்னாலேயே ஏதோ சொல்ல வாயைத் திறந்தது. குரல் வரவில்லை. மறுபடி திறந்தது. காற்றுதான் வந்தது. பேச்சு முழுக்க எங்கேயோ போய்விட்டது. அது கரட்டில் ஏறி, ஒரு பாறை இடுக்கில் புகுந்துகொண்டது.

மறுநாள் நோம்பி. எந்த வீட்டிலும் பொங்கல் பொங்கவில்லை. வள்ளாத்தா பாம்பைத் தேடிக் கரடு ஏறினாள்.

"சாமி, தப்பு என்னுது. நான் தட்டிப் பார்க்கலை. நான்தான் உன் வாயைக் கட்டினேன். வெளியே வா" என்று சொல்லிக்கொண்டே இடுக்குப் பக்கம் காலை வைத்தாள்.

பாம்பு பதறிவிட்டது. என் உடம்பெல்லாம் பல், என் பக்கத்தில் வந்த உயிர் ஒன்று போய்விட்டது, கிட்டே வராதே என்று கத்தப் பார்த்தது. வாய் திறந்தது, சத்தம் இல்லை. தவித்த தவிப்பில் உடம்பு தானாகச் சுருண்டது. சுருள் சுருளோடு உரசியது. ஒரு விலாவின் பல் மறு விலாவின் பல்லில் தேய்ந்து 'சர்ர்ர்' என்றது.

வள்ளாத்தா தூக்கிய காலைக் கீழே வைக்காமல் நின்றாள். அது என்ன சொல்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. ஓர் அடி பின்னால் வைத்தாள். சத்தம் குறைந்தது. இன்னும் ஓர் அடி வைத்தாள். நின்றுவிட்டது.

அன்று தொட்டுத்தான் அந்தப் பாம்பின் வழிவந்த சுருட்டை விரியன், யாருடைய காலடி கேட்டாலும் சுருண்டுகொண்டு, வாயைத் திறப்பதற்கு முன்னால் தன் உடம்பைத் தானே அறுத்துக்கொள்வதுபோல் உரசி உரசிச் சத்தம் போடுகிறது.